மேட்டுல இழுக்கலைங்க!

உங்கள் வீட்டில் யாராவது "பழைய வண்டி ஒண்ணு வாங்கப் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். என்னைத் தடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரக்காணம் பக்கம் உப்பளத்தை ஒட்டி ஒரு குடோன். அதன் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு ஆட்டோ நின்றது. கூரை இல்லை. சீட் இல்லை. தரை என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோழிகள் குடித்தனம் நடத்தின. உப்புக்காற்று தகரத்தை அப்பளம் மாதிரி ஆக்கி வைத்திருந்தது. தொட்டால் நொறுங்கும். நம்பர் பிளேட்டை மட்டும் துடைத்துப் பார்த்தேன். பேசாமல் பதினோராயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். "கோழி விலையில சேராது" என்று குடோன்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அது என் அப்பாவின் வண்டி, சார்.

1986-ல் கடன் வாங்கி எடுத்தது. எங்கள் கோட்டக்குப்பத்துக்கும் பாண்டிக்கும் நடுவே 19 வருஷம் ஓட்டினார். 2005-ல் விற்றுவிட்டார். ஏன் விற்றீர்கள் என்று கேட்டால் இருபது வருஷமாக ஒரே பதில்தான். "இழுவை போயிடுச்சுடா. குயிலாப்பாளையம் மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்லயே மூச்சு வாங்குச்சு. வித்துத் தொலைச்சேன்."

குயிலாப்பாளையம் மேடு தெரியாதவர்களுக்கு: ஈ.சி.ஆரில் பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில் பக்கம் திரும்பினால் ரோடு மெதுவாக ஏறும். ஊட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். கடலோரத்தில் சமதரையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதுதான் இமயமலை. பாண்டியில் ஏறும் வெள்ளைக்கார சவாரிகளை லக்கேஜோடு அந்த மேட்டில் ஏற்றிப் போய்த்தான் அப்பா குடும்பத்தை ஓட்டினார்.

சரி, வண்டி வந்து இறங்கியது. மனைவி பார்த்தாள்.

"ஏங்க, ஆட்டோ வாங்கறதுன்னா ஓடற ஆட்டோவா வாங்கக் கூடாதா?"

அப்பா வாசல் வரை வந்தார். நம்பரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "செத்த வண்டிக்கு இன்னாடா செலவு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டி.வி.யைப் போட்டுக்கொண்டார். அப்புறம் எட்டு மாசம் வண்டி பக்கமே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

* * *

கையில் உள்ள வண்டியின் வம்ச வரலாற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இத்தாலியில் பியாஜியோ கம்பெனி 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. வரைந்தவர் கொராதினோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்தவர். பறக்க வேண்டிய ஆள் தரைக்கு வந்து செய்த வண்டி. வெஸ்பா என்றால் குளவி. அதற்கே பின்னால் இரண்டு சக்கரம் வைத்து 1948-ல் ஒரு சுமை வண்டி விட்டார்கள். அதன் பெயர் ஆப்பே. இத்தாலிய மொழியில் தேனீ. குளவி உல்லாசமாகச் சுற்றும், தேனீ வேலை செய்யும். பொருத்தமான பெயர்தான்.

அந்தத் தொழில்நுட்பத்தில் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய பஜாஜுக்கு 1959-ல் லைசென்ஸ் கிடைத்தது. 1977-ல் எஞ்சினைப் பின்னால் தள்ளிய ஆட்டோ வந்தது. எங்கள் வண்டி அந்த ரகம். ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இடது கைப்பிடியைத் திருகினால் நாலு கியர். ரிவர்ஸ் தனி. தரையில் இருக்கும் கை லீவரை இழுத்தால் ஸ்டார்ட். இழுக்கத் தெரியாமல் இழுத்தால் தோள்பட்டை ஸ்டார்ட்.

"விண்டேஜ் வண்டின்னு ரிஜிஸ்டர் பண்ணி ஊர்வலம் விடலாமே" என்று நண்பர் ஆசை காட்டினார். விசாரித்தேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கிற வண்டிகளுக்குத்தான் அந்தப் பட்டம். அதிலும் இரண்டு சக்கரம், நாலு சக்கரம் மட்டும். மூன்று சக்கரத்துக்கு இடம் இல்லை! என் ஆட்டோவுக்கு 2036-ல் 50 வயசு ஆகும். ஆனாலும் விதி மாறினால்தான் உண்டு. ஊரையே சுமந்தவனுக்குக் கிழவன் என்ற மரியாதைகூடக் கிடையாது பாருங்கள்.

எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. அதனால் சோதனை ஓட்டமெல்லாம் நண்பரின் சவுக்குத் தோப்பில். அங்கே ஒரு பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. எனக்கு அதுதான் குயிலாப்பாளையம்.

தகர வேலை முடிந்தது. பெயின்ட் முடிந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஃபர்ஸ்ட் கியர் போட்டு மேட்டைப் பார்த்து விட்டேன்.

பாதி மேட்டில் "உம்ம்ம்..." என்று ஒரு முனகல். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நின்றுவிட்டது. அப்படியே பின்னால் உருண்டு வந்தது. கைதட்டியவர்கள் ஓடினார்கள்.

அப்பா இருபது வருஷமாகச் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

* * *

வண்டி இழுக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். ஊரில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.

முதல் மெக்கானிக், "பிஸ்டன் போச்சு" என்றார். சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், ரிங். இரண்டாவது மெக்கானிக், "கிளட்ச் பிளேட்" என்றார். மாற்றினோம். டீக்கடையில், "கார்புரேட்டர்" என்றார்கள். கழற்றி, ஜெட்டை ஊதி, மாட்டினோம். பக்கத்து டேபிள், "பெட்ரோல் சரியில்லை" என்றது. எங்கள் ஊர் தமிழ்நாட்டு ஓரம், கொஞ்சம் நடந்தால் பாண்டிச்சேரி. அங்கே பெட்ரோல் விலை குறைவு. அதனால் நாங்கள் அடிப்பதே அந்தப் பக்கத்து பெட்ரோல்தான். அதையும் மாற்றிப் பார்த்தேன். இருபத்திரண்டாயிரம் ரூபாய் போனது. மேடு மட்டும் அங்கேயே இருந்தது.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள். "நீங்க பி.காம் தானே? ஒரு கம்பெனி நஷ்டத்துல ஓடினா, போய் உடனே புது மெஷின் வாங்கிப் போடுவீங்களா?"

சுரீரென்றது. நோட்டை எடுத்தேன்.

நஷ்டம் என்றால் மூன்றே காரணம்தான். ஒன்று, வரவு குறைவு. இரண்டு, வந்த பணம் நடுவில் எங்கோ ஒழுகுகிறது. மூன்று, செலவு அதிகம். வண்டிக்கும் அதே கணக்கு. எஞ்சின்தான் வரவு. கிளட்ச் நடுவில் இருக்கிற புரோக்கர். சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற பிரேக் செலவு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் நான் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்கக் காலணா செலவில்லை.

எங்கள் தெருவில் பழைய ஸ்கூட்டர்களோடே வாழ்கிற ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. வா, பார்த்துடலாம்" என்றார்.

முதலில் செலவு. நியூட்ரலில் போட்டு, சமதரையில் தள்ளச் சொன்னார். ஓர் ஆள் தள்ளினால் நகர வேண்டிய வண்டி, மூன்று பேர் தள்ளியும் முக்கியது. பத்தடி போனதும் விட்டோம். டக்கென்று நின்றது. நல்ல வண்டி சும்மா விட்டால் கொஞ்ச தூரம் உருள வேண்டும். பாய் ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றினார். உறைக்குள் கம்பி துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. லீவரை இறக்கினாலும் உள்ளே பிரேக் இறங்கவில்லை. நாங்கள் எட்டு மாசமும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறோம்!

"உப்புக்காத்து தம்பி. தகரத்தைத் தின்னது உன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. உறைக்குள்ள தின்னது தெரியல" என்றார் பாய்.

புது கேபிள் போட்டதும் ஓர் ஆள் தள்ளினால் ஓடியது. மேட்டில் விட்டோம். முன்னைவிட இரண்டடி அதிகம் ஏறியது. அப்புறம் அதே முனகல்.

அடுத்து புரோக்கர். இதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். மேட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினே எகிறாமல் அமுங்கினால் கிளட்ச் பாவம், அதன் மேல் தப்பில்லை. எங்களுடையது அமுங்கியது. ஆக, கிளட்ச் பிளேட்டுக்குக் கொடுத்த காசு தர்மக் கணக்கு.

மிச்சம் வரவு. காற்று, பெட்ரோல், நெருப்புப்பொறி, அழுத்தம். ஏர் ஃபில்டர் சுத்தம். பெட்ரோல் குழாய் தாராளம். பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், சரி. லீவரை மெதுவாக இழுத்தால் கையை எதிர்த்துத் தள்ளியது, அழுத்தமும் சரி. பிளக்கைக் கழற்றினோம். டாக்டருக்கு நாக்கு மாதிரி மெக்கானிக்குக்கு பிளக். பிஸ்கட் நிறம் இருந்தால் ஆரோக்கியம். வெள்ளையாக இருந்தால் எங்கோ சீல் போய்க் காற்றைத் திருடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். எங்களுடையது கறுப்பாக, ஈரமாக, எண்ணெய் வழிந்து இருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பாய் தொழுகைக்குக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே மனைவிக்கு நோட்டைப் படித்துக் காட்டினேன். காற்று ஓகே. பெட்ரோல் ஓகே. கரன்ட் ஓகே. கம்ப்ரஷன் ஓகே. அப்பா டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே கேட்டார்.

"உள்ள வர்றதையெல்லாம் பார்த்தே. வெளிய போறதைப் பார்த்தியா?"

"என்னப்பா?"

"சைலன்சரைச் சுட்டியாடா?"

* * *

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய் வாசல்களைத் திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியே போவதும், புதுக் கலவை உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். பழைய குடித்தனக்காரர் சாமான்களை இறக்கும்போதே புதுக் குடித்தனக்காரர் ஏற்றுகிற கதை. அந்த அவசரத்தில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் புகையோடு நழுவிவிடும். இந்தப் புகைக்காகத்தான் டெல்லியில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பழைய ஆட்டோக்களை மாற்றி சுத்தமான எரிபொருளுக்குப் போகச் சொன்னது.

வெளியே போகிற வழி அடைத்திருந்தால்? பழையவர் காலி பண்ண மாட்டார். புதியவர் வாசலிலேயே நிற்பார். ஐட்லிங்கில் தெரியாது. சமதரையில் சமாளிக்கும். மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் முறுக்கினால் மூச்சு முட்டும். உள்ளே எத்தனை புது பிஸ்டன் போட்டாலும் அதேதான்.

அடைப்பது எது? பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற டூ-டி ஆயிலின் கரி. கணக்கு என்னவோ லிட்டருக்கு 20 மில்லி. ஊற்றியது யார்? அடியேன். "புது பிஸ்டன் ஆச்சே, பாவம்" என்று பாசத்தில் 60 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பிளக்கில் வழிந்த எண்ணெய் என் பாசம்தான். ஏற்கெனவே உப்பளத்து வேலையில் பல வருஷம் சேர்ந்த கரி. மேலே என் பங்கு.

மறுநாள் காலை ஆறு மணி. பாய் சைலன்சரைக் கழற்றிவிட்டு, "ஒரே ஒரு தரம் இப்படியே ஏத்திப் பாரு. அடைப்பு அதுலதான்னா இப்பவே தெரிஞ்சுடும்" என்றார். லீவரை இழுத்தேன்.

சார், தீபாவளிக்குச் சரவெடி கேட்டிருப்பீர்கள். பத்தாயிரம் வாலாவை டிரம்முக்குள் போட்டுக் கேட்டதுண்டா? தோப்பில் காக்கா ஒன்று பாக்கியில்லை. வண்டி மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியும் விட்டது.

இறக்கிவிட்டுத் திரும்பினால், தோப்பு வாசலில் அப்பா நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். முட்டி வலிக்காரர், அரை கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்.

"ஊரையே எழுப்பிட்டீங்க. கொண்டா அதை" என்று சைலன்சரை வாங்கிக்கொண்டார்.

தேங்காய் மட்டையைக் குவித்து அவரே நெருப்புப் போட்டார். சைலன்சர் பழுக்கிற வரைக்கும் சுட்டார். ஆறியதும் மரக்கட்டையால் தட்டினார். உள்ளேயிருந்து கரி பாளம் பாளமாக விழுந்தது. எஞ்சினில் புகை வெளியேறும் வாசலை மூங்கில் குச்சியால் சுரண்டினார். "ஸ்குரூ டிரைவர் போட்டா கீறல் விழுந்துடும்" என்றார். கை நடுங்கவில்லை. பாய் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "பழகின கைங்க."

"மூணு மாசத்துக்கு ஒரு தரம் சுடுவேன் பாய். 19 வருஷத்துல ஒரு தரம் தவறினதில்ல" என்றார் அப்பா.

எனக்கு எங்கேயோ இடித்தது.

சைலன்சரை மாட்டினோம். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் நானும் பாயும் தோப்புக்கார நண்பரும். முழு லோடு. ஃபர்ஸ்ட் கியர். மேட்டில் ஒரு முனகல் இல்லை. டுபுடுபுவென்று, பேசிக்கொண்டே நடக்கிற மாதிரி ஏறியது. உச்சியில் நிறுத்தினார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "மூணு மாசத்துக்கு ஒரு தரம் சுட்டீங்கன்னா... 2005-ல எப்படிப்பா இழுவை போச்சு?"

அப்பா கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"போகல" என்றார்.

"அப்புறம்?"

"சுனாமிக்குப் பின்னாடி சவாரி இல்ல. ஜூன்ல உனக்குக் காலேஜுக்குப் பணம் கட்டணும். வண்டி நல்லா இருக்கறப்பவே வித்தாத்தானே விலை வரும்? பதினெட்டாயிரம் கொடுத்தான்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? 'படிப்பு வேணாம், வண்டிய நான் ஓட்டறேன்'னு நின்னிருப்பே. பதினேழு வயசுல உனக்கு வண்டி மேலதான கண்ணு? இழுவை போச்சுன்னு சொன்னேன். நீயும் கேக்கறதை விட்டுட்டே."

பாய் சட்டென்று இறங்கி, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அப்பா எட்டு மாசம் ஏன் வண்டி பக்கமே வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்து, சத்தத்தைக் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் இருபது வருஷப் பொய் வெளியே வந்திருக்கும்.

* * *

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய வண்டி மேட்டில் முக்கினால் ஞாபகம் வையுங்கள். முதலில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். அப்புறம் காதால் கேளுங்கள். அப்புறம் உள்ளே வருவதைப் பாருங்கள். வெளியே போவதை மறக்காதீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடைசியில். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வண்டியை ஓட்டியவர் உயிரோடு இருந்தால், டி.வி.யை நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 2005 ஜூன் என்று தேதி போட்டு, வரவு பதினெட்டாயிரம் என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் தோப்பில் ஓட்டுகிறார். டூ-டி ஆயில் டப்பாவை என் கையில் கொடுப்பதில்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். உங்களோடு இருக்கட்டும். அந்தப் பதினெட்டாயிரத்தில் படித்த பி.காம்-ல் காஸ்ட் அக்கவுன்டன்சி பேப்பரை நான் மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தேன். முதல் இரண்டு தடவையும் 'யுனிவர்சிட்டியில் பேப்பரைத் தொலைத்துவிட்டார்கள்' என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா நம்பினாரா என்று இப்போதுதான் சந்தேகமாக இருக்கிறது.